குத்துகிற பின், குப்பை போடுகிற பின்

ஆங்கிலத்தில் ஆட்டை எழுதச் சொன்னால், சேலத்துப் பிள்ளை குளிருக்குப் போடும் கோட்டை எழுதி வைக்கும். தமிழில் இரண்டுமே ‘கோட்’தான். இதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழிப்பது அநியாயம். ‘பம்பரம்’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் ‘ப’வில் தொண்டை அதிராது, அடுத்ததில் அதிரும். நமக்கு இரண்டும் ஒரே எழுத்து என்பதால் காது அந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்வதில்லை. ஆங்கிலமோ அதற்கு இரண்டு எழுத்து வைத்திருக்கிறது.

ஸ்பானிஷ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் சறுக்குவது வேறு இடத்தில். அவர்கள் மொழியில் ‘பஸ்’ஸின் முதல் எழுத்துக்கும் ‘வேன்’ முதல் எழுத்துக்கும் ஒரே ஒலி, அதனால் ஒன்றுக்கு மற்றொன்றை எழுதுவார்கள். ‘ஸ்கூல்’ அவர்கள் வாயில் ‘எஸ்கூல்’; இங்கே ‘இஸ்கூல்’. ஆனால் குறில் நெடில் அவர்களுக்குக் கிடையாது, ‘சிட்’டும் ‘சீட்’டும் குழப்பும். இ, ஈ படித்த நம் பிள்ளைக்கு அது லேசு. இந்தப் பலத்தை வகுப்பில் யாரும் பயன்படுத்துவதில்லை என்பதுதான் வருத்தம்.

ஸ்பெல்லிங் பழகத் தினம் பத்து நிமிடம் போதும். நாலைந்து புளியங்கொட்டை எடுங்கள். நீங்கள் சொல்லைச் சொல்ல, பிள்ளை ஒலிக்கு ஒரு கொட்டையாக நகர்த்தட்டும். கப்பலைக் குறிக்கும் ‘ஷிப்’புக்குக் கொட்டை மூன்று, எழுத்து நான்கு, எஸ், எச் இரண்டும் முதல் கொட்டைக்கே. பென்சில் அதற்குப் பிறகுதான்.

குத்துகிற பின், குப்பை போடுகிற பின் மாதிரி ஜோடிகளுக்குத் தொண்டையில் விரல் வைக்கச் சொல்லுங்கள். வாய்க்கு முன்னால் காகிதம் பிடிக்கும் முறை நமக்குச் சரிவராது. நம் ‘ப’ அவ்வளவு காற்றை ஊதாது. கிசுகிசுக்கவும் கூடாது, அதிர்வே போய்விடும்.

பத்து முறை இம்போசிஷன் வேண்டாம். முதல் எழுத்தை மேலிருந்து கீழாகப் பத்து வரியிலும் போட்டுவிட்டு, அடுத்த எழுத்துக்குப் போகும் பிள்ளைகள் உண்டு. கை ஓடும், காதுக்கு வேலை இருக்காது. வாரத்துக்கு ஒரே எழுத்தமைப்பு வருகிற ஆறு சொல் போதும்.

ஒலியை நம்ப முடியாத சொற்களும் இருக்கின்றன. ஜங்ஷன் பலகையிலுள்ள சேலத்தையே பாருங்கள்: ‘சே’வுக்கு ஏ எழுத்து, ‘லம்’முக்கு ஈ எழுத்து. ஏற்காடு ஒய்யில் தொடங்குகிறது, ‘கா’வுக்கு ஏ, யு இரண்டும் வருகின்றன, கடைசி ‘உ’வைக் காணோம். இவற்றைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்: பார்த்து, மூடி, எழுதி, திறந்து சரிபார்ப்பது. மறுநாளும் அதே இடத்தில் தப்பினால் அந்த எழுத்துக்கு மட்டும் வேறு நிறம் கொடுங்கள். முழுச் சொல்லையும் திரும்ப எழுத வைக்காதீர்கள்.