எங்கள் ஒழுங்கையில் வெயிலுக்கு மூன்று விலை

திருகோணமலை அலஸ்தோட்டத்தில் எங்கள் ஒழுங்கை நேரே கடற்கரைக்குப் போய் முடிகிறது. அதில் சோலார் பூட்டிய வீடுகள் மூன்று. ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் 2017இல் பூட்டினார். என் நண்பன் 2023இல் பூட்டினான். நாங்கள் 2025 ஆவணியில். மூன்று கூரையிலும் விழுவது ஒரே வெயில், மூன்று வீட்டுக் கரண்டும் போய்ச் சேர்வது ஒரே கம்பியில். ஆனால் விற்கும் யூனிட்டுக்கு மாஸ்டருக்கு இப்போது கிடைப்பது 15 ரூபா 50 சதம். நண்பனுக்கு 37 ரூபா. எனக்கு 20 ரூபா 90 சதம்.

இந்த மூன்று விலையும் எப்படி வந்தன என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தால் கொஞ்சம் அவசரப்பட்டிருப்பேன். கடைக்குப் போகும் வழியில் நாலைந்து பேராவது மறித்துக் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ரோட்டில் நின்று சொல்வதை விட எழுதிவிடலாம் என்று பட்டது.

2025 தை மாதம்தான் முடிவெடுத்தோம். அந்த மாதம் கரண்ட் விலை சராசரியாக 20 வீதம் குறைந்திருந்தது. அதனால் "இப்ப ஏன் மச்சான் இந்தச் செலவு?" என்று கேட்டவர்களும் உண்டு. குறைந்தது திரும்ப ஏறாது என்று யாரால் சொல்ல முடியும்? 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததை நான் மறக்கவில்லை. பில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்பதை விட, கூரையைக் கொஞ்சம் உழைக்க விடலாம் என்று நினைத்தேன்.

முறைகள் சில இருக்கின்றன. நெட் மீற்றரிங் என்றால் மிஞ்சும் யூனிட் கணக்கில் சேர்ந்து அடுத்த மாதங்களுக்குக் கழியும், காசு கையில் வராது. நெட் அக்கவுண்டிங் என்றால் வீட்டுப் பாவனை போக மிஞ்சியதற்கு வங்கிக் கணக்கில் காசு வரும். நெட் பிளஸ் என்றால் கூரையில் வரும் அத்தனையையும் விற்றுவிட்டு, வீட்டுக்கு எடுப்பதற்குத் தனியாக பில் கட்ட வேண்டும். எங்கள் பாவனை மாதம் 210 யூனிட் அளவில்தான் இருக்கும். 5 கிலோவோட் பூட்டினால் மாதம் 550, 600 யூனிட் எதிர்பார்க்கலாம் என்றார்கள். அதனால் நெட் அக்கவுண்டிங்கைத் தெரிவு செய்தேன். அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

விலைதான் யோசிக்க வேண்டியது. எனக்கு அதைச் சொல்லித் தந்தவர் மாஸ்டர். 'சூரிய பல சங்க்ராமய' என்ற அரசாங்கக் கூரைச் சோலார் திட்டம் 2016இல் தொடங்கியபோது முதல் 7 வருடத்துக்கு யூனிட் 22 ரூபா, அடுத்த 13 வருடத்துக்கு 15.50 என்று 20 வருட ஒப்பந்தம் எழுதினார்கள். அவருக்கு 2024இல் ஏழு வருடம் முடிந்து விலை இறங்கியது. "முதல் ஏழு வருஷத்திலேயே கடனைக் கட்டி முடிச்சிட்டன் தம்பி, இனி வாறதெல்லாம் பென்சன்" என்று சிரிப்பார். 2022 கடைசியில் டொலர் 360 ரூபாவைத் தாண்டி, வங்கி வட்டியும் இருபது வீதத்துக்கு மேல் போனபோது 22 ரூபாவுக்கு யாரும் கூரையைக் கொடுக்கத் தயாராக இல்லை. அப்போதுதான் 37 ரூபா வந்தது. நண்பன் நுழைந்தது அந்தக் கதவால். பிறகு ரூபா கொஞ்சம் நிமிர்ந்தது, சீனாவிலிருந்து வரும் சோலார் தட்டுகளின் விலையும் விழுந்தது. 2024 நடுவில் 27 ஆக்கினார்கள். நான் முடிவெடுத்தபோது இருந்தது இந்த 27தான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், பலர் இதில் குழம்புகிறார்கள். நாம் வாங்கும் கரண்டின் விலையை அங்கீகரிப்பது இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. நாம் விற்கும் கூரைக் கரண்டின் விலை அமைச்சரவை ஒப்புதலோடு வருகிறது. ஒன்று ஏறினால் மற்றதும் ஏறும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இதை நான் பின்னால் நன்றாகவே படித்துக்கொண்டேன்.

மாசி, அதாவது பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் ஒரே நேரத்தில் கரண்ட் போனது. பாணந்துறையில் ஒரு குரங்கு உபமின் நிலையத்துக்குள் பாய்ந்ததாம் என்று எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த நாள். நான் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். நண்பகல், உச்சி வெயில், கூரை நிறையத் தட்டு. உள்ளே மின்விசிறி நிற்கிறது. லைனில் கரண்ட் இல்லாவிட்டால், தட்டின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வர்ட்டர் தானாகவே நின்றுவிடும் என்று அவர் விளக்கினார். நின்றே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிருக்கு ஆபத்து. பேட்டரி இருந்தால் வேறு கதை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "அப்ப எட்டு லட்சம் குடுத்துப் போட்டு, கரண்ட் போனால் நாங்களும் விளக்குக் கொளுத்த வேணுமோ?" என்று கேட்டார். ஆமென்றுதான் சொல்ல முடிந்தது.

மாசி கடைசியில் பூட்டும் நிறுவனம் ஒன்றைப் பிடித்து விண்ணப்பம் போட்டோம். பங்குனியில் அது திரும்பி வந்தது. காரணம், மீற்றர் அப்பாவின் பெயரில் இருந்தது.

அப்பா 2011இல் போய்விட்டார். பதினான்கு வருடமாக மாதாமாதம் அவர் பெயருக்கு வந்த பில்லை நாங்கள்தான் கட்டிக்கொண்டிருந்தோம், அது எங்கள் கண்ணில் படவேயில்லை. 20 வருடத்துக்கு ஒப்பந்தம் எழுதுவதென்றால் கையெழுத்து வைக்க உயிரோடு ஒருவர் வேண்டும், அவர் பெயரிலேயே கணக்கும் இருக்க வேண்டும். நியாயம்தான். நிறுவனத்துப் பொடியன் முதல் நாளே பில்லை வாங்கிப் பார்த்தவன், பெயரை மட்டும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லையே, அவனை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

பெயர் மாற்ற மரணச் சான்றிதழ் வேண்டும், காணி உறுதி வேண்டும். மரணச் சான்றிதழ் கையில் இருந்தது. உறுதிதான் சிக்கல். 1990இல் வீட்டை விட்டு ஓடியபோது எடுத்துப் போன பெட்டியில் அது இருந்ததா இல்லையா என்று எங்கள் குடும்பத்தில் இரண்டு கதை உண்டு. அம்மா ஒன்று சொல்வார், பெரியம்மா வேறொன்று சொல்வார். கடைசியில் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க வேண்டி வந்தது. அதற்கு இலக்கம் தேட வேண்டும். இலக்கத்துக்குப் பழைய வரித்துண்டு தேட வேண்டும். வரித்துண்டு அப்பாவின் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகியிருந்தது. யார் அதை அங்கே வைத்தார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அத்தோடு முடியவில்லை. அண்ணாவும் அக்காவும் கனடாவில். அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுத்தில் வேண்டும். அண்ணா வாட்ஸ்அப்பில் "ஓகே" என்று ஒரு சொல் அனுப்பினார், கட்டை விரல் படமும் சேர்த்து. அது செல்லாது என்று விளங்கப்படுத்த இரண்டு இரவு போனது. கிராம சேவகரின் உறுதிப்படுத்தல், சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக் கடதாசி, அதில் என் அடையாள அட்டை இலக்கத்தில் ஒரு எழுத்துப் பிழை, திரும்ப ஒரு சத்தியக் கடதாசி. பெயர் மாற்றக் கந்தோரில் இருந்த மிஸ் நல்லவர். "இதுகளை முதலே செய்து வச்சிட்டு வந்தால் உங்களுக்கு ஒரு கிழமை வேலை" என்றார். எனக்கு எடுத்தது இரண்டரை மாதம்.

இடையில் சித்திரை வருடப்பிறப்பு வந்தது. அந்தக் கிழமை பகலில், பிற்பகல் 3 மணிவரை, கூரைச் சோலார்களை நிறுத்தி வைக்கும்படி வேண்டுகோள் வந்தது. தொழிற்சாலைகள் பூட்டு, கந்தோர்கள் பூட்டு, எரிக்க ஆளில்லை. வெயிலோ கொளுத்துகிறது. தேவையை விடக் கரண்ட் கூடினால் முழு வலையமைப்பும் தள்ளாடும், மாசியில் நடந்தது திரும்ப நடக்கலாம் என்பது பயம். மாஸ்டர் காலையில் கோயிலுக்குப் போய்வந்து, வேட்டியோடு போய் இன்வர்ட்டரை நிறுத்தினார். நண்பன் நிறுத்தவில்லை. அவனுக்கு யூனிட் 37 ரூபா, கை வராது. அன்றே எனக்கு ஒன்று பட்டது: பகல் கரண்ட் நாட்டில் மிஞ்சத் தொடங்கிவிட்டது. மிஞ்சும் பொருளுக்கு 27 ரூபா நிற்காது.

அதே சித்திரை (ஏப்ரல்) 5ஆம் திகதி, துறைமுகத்துக்கு அக்கரையில் சம்பூரில் 120 மெகாவோட் சூரிய மின் நிலையத்துக்கு இந்தியப் பிரதமர் கொழும்பிலிருந்தபடியே வேலையைத் தொடக்கிவைத்தார். ஒரு காலத்தில் நிலக்கரி நிலையம் வரும் என்று சனம் பயந்துகொண்டிருந்த சம்பூர். அந்தத் திட்டத்துக்குப் பேசிய விலை யூனிட்டுக்கு 5.97 அமெரிக்கச் சதம். நம் காசில் 18 ரூபாவுக்குக் கிட்ட. பெரிய நிலையம் அந்த விலைக்குத் தரும்போது என் ஓட்டுக் கூரைக்கு ஏன் கூடக் கொடுப்பார்கள்? இது மாஸ்டர் கேட்ட கேள்வி. "ஆனால் எங்கட கரண்ட் பக்கத்து வீட்டுக்குத்தானே போகுது, நூறு மைல் கம்பி இழுக்கத் தேவையில்லையே" என்று அவரே பதிலும் சொன்னார். எனக்கு இரண்டிலும் நியாயம் தெரிந்தது.

வைகாசி நடுவில் பெயர் மாறியது. விண்ணப்பம் திரும்பப் போனது. எங்கள் டிரான்ஸ்ஃபோமரில் இடம் இருக்கிறதா என்று பார்த்து அனுமதி தந்தார்கள். ஒரு டிரான்ஸ்ஃபோமர் தாங்கும் சோலாருக்கு அளவு உண்டு. அது நிறைந்துவிட்டால், உங்கள் கூரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே பக்கத்து வீடுகளில் எத்தனை கூரை மின்னுகிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

ஆனி பிறந்தது. ஆணைக்குழு பாவனையாளர் விலையை 15 வீதம் கூட்டியது. அதை ஒட்டியே கூரைச் சோலாருக்குப் புதிய வாங்கும் விலைகளும் வந்தன: 5 கிலோவோட் வரை 20.90, அதற்கு மேல் 20 வரை 19.61, அப்புறம் 100 வரை 17.46. கொள்ளளவு கூடக் கூட விலை இறங்கிக்கொண்டே போய் 1,000 கிலோவோட்டுக்கு மேல் 14.46இல் நின்றது. வாங்கும் கரண்ட் ஏறுகிறது, விற்கும் கரண்ட் இறங்குகிறது. நிறுவனத்துப் பொடியன் தொலைபேசியில், "அண்ணை, 6 கிலோவோட் போடுவமா, கூரையில் இடம் இருக்கு" என்றான். 5ஐத் தாண்டினால் அடுத்த படியில் விழுவேன், வேண்டாம் என்றேன். அந்த ஒரு இடத்தில் மட்டும் நான் கெட்டிக்காரன்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் விஷயத்தில் தட்டு பூட்டி, பரிசோதனை முடிந்த பிறகுதான் ஒப்பந்தம் எழுதினார்கள். அதாவது காசு முன்னால், விலை பின்னால். ஒப்பந்தத்தில் விலை எழுதியிருந்த வரியை நான் மூன்று தரம் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தேன். 20.90, 20 வருடத்துக்கு.

பூட்டிய முதல் கிழமை இன்வர்ட்டர் நண்பகலில் அடிக்கடி நின்றது. வோல்ட் கூடிவிட்டது என்று திரையில் காட்டியது. நம் நாட்டில் 230 வோல்ட், மேலே கீழே 6 வீதம் வரை இருக்கலாம். ஒழுங்கையின் கடைசியில் மூன்று வீடும் ஒரே நேரத்தில் கரண்டைத் தள்ளினால் அந்த எல்லையைத் தாண்டும். இன்வர்ட்டருக்கும் மீற்றருக்கும் நடுவில் பூட்டியிருந்த வயர் தேவைக்கு மெல்லியது என்பதையும் மின் பொறியியல் படித்த என் மருமகன்தான் கண்டுபிடித்தான். நிறுவனத்தோடு சண்டை பிடித்துத் தடித்த வயர் போட்ட பிறகு நிற்பது குறைந்தது. கச்சான் காற்று வீசும் காலத்தில் தட்டில் புழுதி ஒட்டும், கடல் உப்பும் ஒட்டும். கிழமைக்கு ஒருதரம், வெயில் ஏற முன் கழுவுகிறேன்.

புரட்டாதியில் 580 யூனிட் வந்தது. நாங்கள் எரித்தது 210. மிச்சம் 370க்கு 7,733 ரூபா. நண்பனின் விலையில் அது 13,690 ஆகியிருக்கும். 27 ரூபாவுக்கு 9,990. இந்தக் கணக்கை நான் அடிக்கடி போடுவதில்லை, போட்டால் அந்தச் சத்தியக் கடதாசியின் எழுத்துப் பிழை ஞாபகம் வந்துவிடும்.

பேட்டரி பூட்டி, பகல் கரண்டைச் சேர்த்து வைத்து, இரவு ஆறரைக்கும் பத்தரைக்கும் இடையில் கொடுத்தால் யூனிட்டுக்கு 45.80 என்று 2025இல் சொன்னார்கள். விலைப்பட்டியல் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பேட்டரியின் ஆயுளையும் வட்டியையும் சேர்த்துக் கணக்குப் போட்டு முடிக்கவில்லை. அம்மா மட்டும் ஆதரவு, கரண்ட் போனாலும் மின்விசிறி சுற்றுமே என்று.

முதல் புதிய பில் வந்த அன்று அம்மா அதை வாங்கி, கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். பிறகு அலுமாரிக்குள் இருந்து பழைய பில் ஒன்றை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். அப்பாவின் பெயரில் வந்த கடைசி பில். நான் எறிந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். இரண்டையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கணக்கு நம்பர் மாறேல்லைத்தானே?" என்று கேட்டார். மாறவில்லை, அதே நம்பர்தான் என்றேன். பழையதை மடித்துத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தார்.