‘ஏலியனேட்’ செய்த நிலம் யாருடையது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்தில் நிலப் பேப்பரைத் தமிழில் விளக்க உட்கார்ந்தால் காலை வாரிவிடும் ஆங்கிலச் சொல் ‘ஏலியனேட்’. அகராதியில் ‘அந்நியப்படுத்து’ என்று இருக்கும். அதை நம்பி ‘ஏலியனேட்டட் லேண்ட்’ என்பதை ‘அந்நியப்படுத்தப்பட்ட நிலம்’ என்று எழுதினால், படிப்பவர் அது வெளிநாட்டுக்காரன் கைக்குப் போன நிலம் என்றுதான் நினைப்பார். உண்மையில் அது கிராண்ட், அதாவது நில உரிமைப் பத்திரம், கொடுத்து ஒருவர் பேரில் பதிவான நிலம். மலாயில் ‘தானா பெரிமிலிக்’. அந்த மலாய்ச் சொல்லில் இந்தக் குழப்பமே இல்லை.

லத்தீனில் ‘ஆலியுஸ்’ என்றால் பிற, வேறு. நம் ‘அந்நியம்’ வந்த வடசொல் ‘அன்ய’வுக்கும் அதே பொருள்தான். பிறருடையதாக ஆக்குவதுதான் அந்த வினை. மண்ணை ஆக்கினால் கைமாற்றம், மனசை ஆக்கினால் விரிசல். ‘சொத்தப் பிரிச்சாங்க, அண்ணன் தம்பியும் பிரிஞ்சாங்க’ என்கிறோமே, அந்தப் ‘பிரி’ கிட்டத்தட்ட இரண்டையும் தாங்கும். ஆனால் அது பங்கு போடுவதோடு நின்றுவிடும், விற்பதைச் சொல்லாது. அதனால் இங்கே உதவாது.

எது எந்தப் பொருள் என்று பிடிக்க வேற்றுமை உருபு போதும். ‘பிள்ளைகளைத் தகப்பனிடமிருந்து’ என்று வந்தால் நீங்கல், ஐந்தாம் வேற்றுமை: ‘ஒட்டாமல் செய்’, ‘மனம் விலகச் செய்’ என்று எழுதலாம். ‘நிலத்தை இன்னாருக்கு’ என்று வந்தால் கொடை, நான்காம் வேற்றுமை. ஆங்கிலத்தில் முன்னதற்கு ‘ஃப்ரம்’, பின்னதற்கு ‘டு’.

நிலம் என்று தெரிந்த பிறகும் ஒரு பொறி உண்டு. இந்தியப் பத்திரத் தமிழில் ‘பராதீனம்’ என்றால் சொந்தக்காரர் விற்பது, தானம் கொடுப்பது, அடமானம் வைப்பது எல்லாம் அடங்கும். இங்கே மலேசியாவில் 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தில் இந்த வினை ரொம்பக் குறுகியது. மாநில அரசு தன் நிலத்தை நிரந்தரமாகவோ, 99 ஆண்டுக்கு மிகாத தவணைக்கோ, நில வரி விதித்துக் கொடுப்பது மட்டுமே. அதனால் ‘அரசு நில உரிமை வழங்கல்’ என்று எழுதுவதே சரி. அப்பா மகன் பேருக்கு மாற்றுவது அதில் சேராது. அது ‘பிண்டா மிலிக்’, அதாவது உடைமை மாற்றம்; அதற்குப் பாரம் (படிவம்) 14ஏ.

‘வழங்கல்’ என்று எழுதும்போது காலத்தையும் கவனிக்க வேண்டும். ‘நிலம் லூலுஸ் ஆச்சு’ என்று கடிதத்தைக் காட்டுவார்கள். ‘லூலுஸ்’ என்றால் மலாயில் ஒப்புதல், அவ்வளவுதான். அடுத்து வரும் பாரம் 5ஏ-யில் பிரீமியமும் (நிலத்துக்கு ஒரே தடவை கட்டும் தொகை) மற்றக் கட்டணங்களும் கட்டச் சொல்லித் தவணை குறித்திருக்கும். தவணைக்குள் கட்டாவிட்டால் ஒப்புதல் காலாவதி. கட்டினாலும், கிராண்ட் பதிவாகும்வரை அது அரசு நிலமே. ஆகவே கடிதத்தை மட்டும் வைத்து ‘வழங்கப்பட்டது’ என்று எழுதாதீர்கள். ‘வழங்க ஒப்புதல் கிடைத்தது’ என்று எழுதுங்கள்.