விக்கித்தரவுக்குள் தலையை விட்டேன்

மூன்று வார இறுதிகள் இதிலேயே போய்விட்டன. யார் யாரிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்தார் என்பதை, விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான விக்கித்தரவு என்ற திறந்த தரவுத்தளம் பி184 என்ற பண்பில் (தகவல் வகையில்) வைத்திருக்கிறது. ஜெர்மன் கணிதவியலாளர் ஃபெலிக்ஸ் கிளைனையும் அவருக்குக் கீழே மூன்று தலைமுறை மாணவர்களையும் ஸ்பார்க்கிள் (தரவைக் கேட்டு எடுக்கும் மொழி) வினவலால் எடுத்து, ஆளுக்கொரு உருண்டை, உறவுக்கொரு கோடு என்று வி.ஆர். (மெய்நிகர் உலகம்) ஹெட்செட்டுக்குள் தொங்கவிட ஆசை.

முதல் வாரம் அசட்டுத்தனமாக எல்லாப் பண்புகளையும் சேர்த்து எடுத்துவிட்டேன். விக்கித்தரவில் எந்த ஆளும், 'இது எந்த வகை' என்று சொல்லும் பி31 வழியாக 'மனிதர்' என்ற கியூ5-இல் போய் முடிவார். அப்புறம் என்ன, அத்தனை கோடும் ஒரே உருண்டையில் குவிந்தது. திரையில் பார்த்தால் சிக்கு விழுந்த நூல்கண்டு; ஹெட்செட்டை மாட்டினால் அந்தக் கண்டுக்கு நடுவில் நான். பி184 தவிர மற்றதை வெட்டினேன்.

அடுத்து, வி.ஆருக்குள் நுழையும் பொத்தானே வரவில்லை. நிரலில் அரை நாள் பிழை தேடினேன். பிழை அங்கே இல்லை. உலாவியில் வி.ஆர். காட்டும் வெப்எக்ஸ்ஆர் பாதுகாப்பான முகவரியில்தான் (எச்டிடிபிஎஸ் அல்லது லோக்கல்ஹோஸ்ட்) ஓடும். நான் கொடுத்ததோ வெறும் எச்டிடிபி. கேபிளைச் செருகி, ஹெட்செட்டின் லோக்கல்ஹோஸ்ட்டை என் கணினிக்குத் திருப்பும் ஏடிபி ரிவர்ஸ் கட்டளையைப் போட்டேன். ஹெட்செட்டுக்கு என் கணினியே லோக்கல்ஹோஸ்ட் (தன் சொந்த முகவரி) ஆனதும் பொத்தான் வந்தது.

உருண்டைகள் ஒன்றையொன்று தள்ளி, கோடுகள் இழுத்து, ஓரிடத்தில் அடங்கச் சில நொடிகள் ஆகும். அதற்குள் எனக்கு வயிற்றைப் பிரட்டிவிட்டது. இப்போது இடங்களை முன்பே கணக்கிட்டு, அசையாமல்தான் ஏற்றுகிறேன். உலாவியில் முப்பரிமாணம் வரையும் த்ரீ.ஜேஎஸ் நூலகத்தில், ஒரே வடிவத்தின் பல பிரதிகளை ஒரே மூச்சில் வரையும் இன்ஸ்டன்ஸ்டுமெஷ்ஷுக்கு மாறியதும் தலையைத் திருப்பும்போது வந்த திக்கலும் போனது.

பட்ட பாட்டுக்குப் பலன் கிளைனின் மாணவர் லிண்டமனிடம் கிடைத்தது. பை ஒரு விஞ்சிய எண் (முழு எண் கெழுக்கள் கொண்ட எந்தப் பல்லுறுப்புச் சமன்பாட்டுக்கும் தீர்வாகாத எண்) என்று 1882-இல் நிறுவியவர். கோனிக்ஸ்பர்க்கில் அவரிடம் பட்டம் வாங்கிய கணிதவியலாளர்கள் ஹில்பர்ட்டும் மின்கோவ்ஸ்கியும் ஒரு பக்கம். இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் இன்னொரு பக்கம். சோமர்ஃபெல்டிலிருந்து அவரிடம் படித்த இயற்பியலாளர்கள் ஹைசன்பர்க், பௌலி, பெத்தே. தட்டைத் திரையில் இந்தக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எது யாருடையது என்றே தெரியவில்லை. இங்கே தலையை லேசாகச் சாய்த்தால் போதும், பிரிந்து நிற்கின்றன. இரு கண் பார்வையும் தலையசைவும் சேர்ந்தால் தட்டைப் படத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பெரிய வலையைப் படிக்கலாம் என்று ஆய்வாளர்கள் காலின் வேரும் கிளென் ஃப்ராங்கும் 1996-லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

சரி, பெயர்கள்தான் இன்னும் தீரவில்லை. ஹில்பர்ட்டின் மாணவர்களே அறுபதுக்கு மேல்; எல்லாப் பெயரையும் எழுதினால் சுவரொட்டி மேல் சுவரொட்டி. இப்போதைக்குக் கண்ட்ரோலரின் கதிர் பட்ட உருண்டைக்கு மட்டும் பெயர் வருகிறது. கை கொஞ்சம் நடுங்கினால் பக்கத்து ஆளின் பெயர் வந்துவிடுகிறது.