லிஃப்டுக்கு ஒரு பாட்டு

என் மகள் ரொம்ப நாளைக்கு என் அப்பாவை ‘டாட்டா’ என்றுதான் கூப்பிட்டாள். சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கும் அவர் வீட்டுக் கதவு திறந்ததும் “டாட்டா!” என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடுவாள். “என்னம்மா, வந்ததும் வராததுமா என்னை வழியனுப்புறா?” என்பார் அப்பா. எல்லோரும் சிரிப்போம். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஓர் உறுத்தல்.

காலை ஏழரைக்குப் பராமரிப்பு நிலையத்தில் விட்டால் மாலை ஆறரை வரை ஆங்கிலம்தான். அங்கே அவள் காதில் விழுகிற ஆங்கில ‘டி’ (t) நம்முடைய த-வும் இல்லை, ட-வும் இல்லை, நாக்கை இரண்டுக்கும் நடுவே எங்கோ வைத்துச் சொல்வது. 1984-இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர் கனடாவில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் த, ட இரண்டையும் கேட்கவைத்துப் பார்த்தால், ஏழெட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் வித்தியாசத்தைக் கண்டுபிடித்தார்கள், ஒரு வயதை நெருங்கியவர்களில் மிகச் சிலரே கண்டுபிடித்தார்கள். இதைப் படித்துவிட்டு ஒரு ராத்திரி தூக்கம் போனது. இவள் பிறந்ததிலிருந்து வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்தவள், காதுக்கு ஒன்றும் ஆகவில்லை, நாக்கு பழகத்தான் நேரம் வேண்டும் என்பது அப்போது உறைக்கவில்லை.

இரண்டு வயதில் தமிழில் பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான் பேசினாள். விவரம் தெரிந்தவர் என்று நான் நம்பிய ஒருவர், ரெண்டு மொழி பிள்ளையைக் குழப்பும், வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்றார். மூன்று வாரம் அப்படியே செய்தேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. அப்புறம் பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவரைப் பார்த்தோம். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை, இரண்டிலும் தெரிந்த சொற்களைச் சேர்த்து எண்ணிப் பாருங்கள் என்றார் அவர். எண்ணினோம், நாற்பதைத் தாண்டியது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடு. அந்தக் கணக்கில் ஒரு வீட்டை நானே கழிக்கப் பார்த்திருக்கிறேன்!

சரி, பாட்டு போடலாம் என்று கைப்பேசியில் குழந்தைப் பாடல்களை ஓடவிட்டேன். நன்றாக ஆடினாள். ஒரு வார்த்தை வரவில்லை.

அப்பாவுக்குப் பாட வராது, சுருதி என்றால் என்னவென்று கேட்பார். அவளை மடியில் உட்காரவைத்து, உள்ளங்கையில் தன் முழங்கையை வைத்துப் பருப்புக் கடைந்து, விரல் விரலாக ஊட்டிவிட்டு, நண்டூருது நரியூருது என்று இரண்டு விரல்களை அவள் மணிக்கட்டிலிருந்து மேலே நடக்கவிடுவார். முழங்கை மடிப்பு வந்ததும் நின்றுவிடுவார். ஒன்றும் தெரியாதவர் மாதிரி ஜன்னலுக்கு வெளியே எதிர் புளோக்கில் காயும் துணிகளைப் பார்ப்பார். அவள் கையை இழுப்பாள், காலை உதைப்பாள், அவர் அசையவே மாட்டார். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, “ஊடுது” என்றாள். நண்டு ஒரே ஓட்டமாக அக்குளுக்குள் போய்விட்டது.

கைப்பேசி இப்படி நின்று காத்திருக்காது. பட்ரிஷியா குல் 2003-இல் வெளியிட்ட ஆய்வும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது: அமெரிக்கக் குழந்தைகளிடம், ஒன்பது மாதம் இருக்கும், ஆட்கள் நேரில் உட்கார்ந்து சீனத்தில் பேசி விளையாடியபோது அந்த ஒலிகளைப் பிடித்துக்கொண்டார்கள், அதையே திரையில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை.

அதன்பிறகு நானும் அப்பா மாதிரி நிறுத்திப் பாட ஆரம்பித்தேன். குளிக்க ஒன்று, செருப்பு மாட்ட ஒன்று என்று வாயில் வந்ததைப் பாடுவேன். நிலைத்தது லிஃப்ட் பாட்டுதான். எட்டாவது மாடியில் இருக்கிறோம்.

எட்டாம் மாடி எட்டிப் பாரு
ஏழாம் மாடி ஏப்பம் விடு
ஆறாம் மாடி ஆடிக் காட்டு
அஞ்சாம் மாடி அள்ளிக் கொடு
நாலாம் மாடி நாக்கை நீட்டு
மூணாம் மாடி மூக்கைத் தொடு
ரெண்டாம் மாடி ரெக்கை விரி
ஒண்ணாம் மாடி ஓடி வா

பள்ளியில் மனப்பாடம் செய்து பரீட்சையோடு மறந்த மோனை, இத்தனை வருஷம் கழித்து லிஃப்டுக்குள் வேலைக்கு வந்தது. “மூணாம் மாடி மூ...” என்று நிறுத்தினால் போதும், அடுத்த சொல்லின் முதல் எழுத்தை அவளே பிடித்துக்கொண்டு ‘மூக்கு’க்குப் போய்விடுவாள். ‘ஏழாம்’ இன்னும் ‘ஏயாம்’தான். நான் திருத்துவதில்லை, அடுத்த தடவை ழ-வைக் கொஞ்சம் இழுத்துப் பாடுவேன், அவ்வளவுதான். ஏப்பத்துக்காக என் கணவர் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

ஒரு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஆங்கிலப் பாட்டின் மெட்டில் தமிழ்ச் சொற்களைத் திணித்த பாடல்கள் எனக்கு ஆகாது. மெட்டுக்காகக் குறிலை இழுத்து நெடிலாக்குவார்கள். கல் கால் ஆகிவிடும், பல் பால் ஆகிவிடும். வீடு முழுக்கத் தமிழ் பேசும் பிள்ளை அதைத் தானே சரிசெய்துகொள்ளும். நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் தமிழ் கேட்கிற பிள்ளைக்கு அந்தக் கல் காலாகவே நின்றுவிட்டால் என்ன செய்வது? மெட்டே இல்லாமல் கைதட்டிச் சொன்னால்கூடப் போதும்.

‘டாட்டா’ எப்போது ‘தாத்தா’ ஆனது என்று யாரும் கவனிக்கவில்லை. அப்பாவுக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.

இப்போது என் கவலை வேறு. மேலே ஏறும்போதும் பாட்டு வேண்டுமாம், ஒண்ணிலிருந்து தலைகீழாகப் பாடிச் சமாளிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பொங்கோலில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போகிறோம். பதினெட்டாவது மாடி. ஒன்பதுக்கு ‘ஒளிஞ்சுக்கோ’ வரை கட்டிவிட்டேன். பத்திலிருந்து ஒன்றுமே வரவில்லை, யாருக்காவது தோன்றினால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.