சுவரிலிருந்து கழற்றிய தாள்

கல்லூரி நூலகராக இருந்த எனக்கு முதலாண்டு மாணவர்களுக்கான தகவல் அறிதிறன் வகுப்பை நடத்தும் பொறுப்பு வந்தபோது, நான் செய்த முதல் வேலை நூலகச் சுவரில் ஒரு தாளை ஒட்டியதுதான். தகவல் அண்மையதா, நம் தேவைக்குப் பொருந்துகிறதா, எழுதியவர் தகுதியுடையவரா, சான்று காட்டப்பட்டுள்ளதா, எழுதியதன் நோக்கம் என்ன என்ற ஐந்து கேள்விகள் அதில் இருந்தன. கலிஃபோர்னியாவின் சிக்கோ நகரப் பல்கலைக்கழக நூலகத்தில் 2004ஆம் ஆண்டு உருவாகி, பின்னர் பல நாட்டு நூலகர்களும் எடுத்தாண்ட பட்டியல் அது. தேர்வில் கேட்டால் மாணவர்கள் ஐந்தையும் பிழையின்றி எழுதினார்கள். அதனால் பாடம் நன்றாகப் போய்ச் சேருகிறது என்றே சில ஆண்டுகள் நம்பியிருந்தேன்.

ஒருமுறை, ஆய்வு மையம் போலப் பெயர் வைத்துக்கொண்டு ஒரு தொழில்துறைக்காகப் பரிந்து பேசும் அமைப்பொன்றின் வலைத்தளத்தைத் தந்து, அதை மதிப்பிடச் சொன்னேன். ஏறத்தாழ வகுப்பு முழுவதுமே ஐந்து கேள்விகளுக்கும் நிறைவான மதிப்பெண் கொடுத்தது. விடைகளை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டபோதுதான் கோளாறு புரிந்தது. எல்லா விடைகளும் அந்தத் தளத்தின் ‘எங்களைப் பற்றி’ பக்கத்திலிருந்தே வந்திருந்தன. குற்றம் சாட்டப்பட்டவரிடமே நன்னடத்தைச் சான்றிதழை எழுதி வாங்கி வந்ததைப் போல இருந்தது அது. பிழை மாணவர்களிடம் இல்லை. ஒரு பக்கத்தை உற்றுப் பார்த்தால் அதன் உண்மை தெரிந்துவிடும் என்று கற்பித்தவன் நான்தான்.

அந்தச் சமயத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு என் கைக்கு வந்தது. வரலாற்று அறிஞர்கள், இளநிலை மாணவர்கள், தொழில்முறை உண்மைச் சரிபார்ப்பாளர்கள் என மொத்தம் 45 பேர் இணையத்தை எப்படிப் படிக்கிறார்கள் என்று அவர்கள் அருகிருந்து கவனித்தார்கள். குழந்தை மருத்துவர்களின் இரு அமெரிக்க அமைப்புகளை ஒப்பிடுவது அதில் ஒரு பணி: ஒன்று 1930இல் தொடங்கப்பட்ட, 60,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட பேரமைப்பு, மற்றொன்று 2002இல் அதிலிருந்து கருத்து வேறுபாட்டால் பிரிந்த ஒரு சிறு குழு. மாணவர்களில் பெரும்பாலோர் சிறு குழுவின் பக்கத்தையே கூடுதல் நம்பகமானதாகக் கருதினார்கள். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்று அறிஞர்களும் தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்களோ பக்கத்தைச் சில நொடிகள் பார்த்ததுமே புதிய தாவல்களைத் திறந்து, அந்த அமைப்பைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று தேடப் போய்விட்டார்கள். பக்கவாட்டு வாசிப்பு என்று அந்த ஆய்வாளர்கள் இதற்குப் பெயரிட்டார்கள். நல்ல வாசகன் நூலை விட்டுக் கண்ணெடுக்க மாட்டான் என்று நம்பியே தொழில் செய்துவந்த ஒரு நூலகனுக்கு, பக்கத்தை விட்டு விரைவில் வெளியேறுவதும் ஒரு திறமை என்பது எளிதில் செரிக்கவில்லை. ஆனாலும் தாளைச் சுவரிலிருந்து கழற்றினேன்.

புதிய முறையை மாணவர்கள் விரைவாகப் பற்றிக்கொண்டார்கள். வெள்ளம் சூழ்ந்த சாலையில் சுறா நீந்துவதாக 2011இல் ஐரீன் புயலின்போதும் 2017இல் ஹார்வி புயலின்போதும் பரவிய படத்தைக் கொடுத்தால், படத்தைக்கொண்டு தேடி, சிறு படகு ஒன்றைப் பின்தொடரும் சுறாவின் பழைய புகைப்படத்திலிருந்து வெட்டி ஒட்டப்பட்டது அது என்பதைச் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார்கள். அந்த வகுப்புகளில் உற்சாகத்துக்குக் குறைவே இல்லை. சிக்கலும் அந்த உற்சாகத்திலிருந்தே முளைத்தது.

பட்டியல் மட்டும் போதாது என்று காட்டுவதற்காக, தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1998இல் லான்செட் இதழில் வெளியான கட்டுரையை எடுத்துக்கொண்டேன். இதழ் புகழ்பெற்றது, எழுதியவர் மருத்துவர், சான்றுகளும் காட்டப்பட்டிருந்தன; ஆனால் ஆய்வுக்கு உட்பட்ட குழந்தைகள் வெறும் 12 பேர், இறுதியில் கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது. வகுப்பு முடிந்ததும் நன்றாகப் படிக்கும் ஒரு மாணவி வந்து, “அப்படியென்றால் எதையுமே நம்ப முடியாது, இல்லையா சார்?” என்று கேட்டாள். அவள் கவலையோடு கேட்கவில்லை. பாடம் புரிந்துவிட்ட நிறைவோடு கேட்டாள். அன்று இரவு எனக்கு வெகுநேரம் உறக்கம் வரவில்லை. எல்லாவற்றையும் நம்புகிறவனையும் எதையுமே நம்பாதவனையும் வதந்தி பரப்புகிறவர்கள் ஒரே அளவு எளிதாகக் கையாள முடியும், ஏனென்றால் இருவருமே எடைபோடும் வேலையை விட்டுவிட்டவர்கள். இரண்டாம் வகையினரை நான் வகுப்பு வகுப்பாக உருவாக்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆண்டு அதே கதையைப் பாதியில் நிறுத்தாமல் முழுவதும் சொன்னேன். டென்மார்க்கில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து அத்தகைய தொடர்பு இல்லை என்று 2002இல் வெளியான ஆய்வு, அசல் கட்டுரையின் இணையாசிரியர்களில் பெரும்பாலோர் 2004இல் அதன் விளக்கத்திலிருந்து விலகிக்கொண்டது, பிரையன் டீயர் என்ற இதழாளர் ஆண்டுக்கணக்கில் நடத்திய புலனாய்வு, 2010இல் லான்செட்டே கட்டுரையைத் திரும்பப் பெற்றது ஆகிய அனைத்தையும் வரிசையாக மாணவர்களையே தேடி எடுக்கச் செய்தேன். ஒரு தவறு எத்தனை பேரின் உழைப்பால், எவ்வளவு தாமதமாகத் திருத்தப்படுகிறது என்பதைக் கண்ட பிறகு, ‘எல்லாம் பொய்’ என்ற பேச்சு குறைந்து, ‘இதை வேறு யார் சோதித்தார்கள்?’ என்ற கேள்வி எழத் தொடங்கியது.

பொய்ச் செய்தியைவிடக் கடினமானது, எண் சரியாக இருந்தும் வழிதவறச் செய்யும் செய்தி. பிரிட்டனில் 1995ஆம் ஆண்டு, குறிப்பிட்ட சில கருத்தடை மாத்திரைகள் இரத்தம் உறையும் ஆபத்தை இரு மடங்காக்குவதாக எச்சரிக்கை வெளியானது. அது உண்மைதான்: 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்த ஆபத்து இருவருக்கு என உயர்ந்திருந்தது. பலர் அஞ்சி மாத்திரையை நிறுத்தினார்கள். அதன் விளைவாக மறு ஆண்டு ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நிகழ்ந்ததாக மதிப்பிடப்பட்டது. இரு மடங்கு என்று படித்தவுடன் ‘எதன் இரு மடங்கு?’ என்று கேட்க வைப்பதற்கு எனக்கு ஒரு முழுப் பருவம் தேவைப்பட்டது. தமக்குப் பிடிக்காத கருத்தைச் சொல்லும் செய்தியில் அந்தக் கேள்வியை உடனே கேட்டவர்கள், தம் பக்கத்துக்குச் சாதகமான செய்தியில் கேட்க மறந்தார்கள். எனவே நடப்பு விவகாரம் எதை எடுத்தாலும், தாம் உண்மை என்று விரும்பும் ஒரு கூற்றையே சரிபார்ப்புக்குக் கொண்டுவர வேண்டும் என்று விதித்தேன். அதிகம் முணுமுணுப்புக்கு உள்ளான விதி அதுதான்.

அந்த விதி என்னையும் விடவில்லை. மனிதரின் கவனம் எட்டு நொடிகளாகக் குறைந்துவிட்டது, தங்கமீனுக்கே ஒன்பது நொடிகள் என்று சொல்லித்தான் முதல் வகுப்பை ஆண்டுதோறும் தொடங்குவேன், மாணவர்களும் சிரிப்பார்கள். ஒரு மாணவன் மறுவாரம் அந்த எண்ணைத் தேடிய குறிப்புகளோடு வந்தான். மைக்ரோசாஃப்ட் கனடா 2015இல் வெளியிட்ட அறிக்கையில் அது இருக்கிறது. அறிக்கையோ ஒரு புள்ளிவிவரத் தொகுப்புத் தளத்தைக் கைகாட்டுகிறது. அதற்கு அப்பால் எந்த ஆய்வும் கிடைக்கவில்லை. 2017இல் பிபிசி தேடிப் பார்த்தபோதும் மூலம் அகப்படவில்லை. “உங்களுக்கு இது பிடித்திருந்தது சார், அதனால்தான் எடுத்துக்கொண்டேன்” என்றான். குறிப்புகளை வாங்கிக்கொண்டு, பாடப்படங்களின் கோப்பைத் திறந்து, அவன் முன்னிலையிலேயே அந்தத் தங்கமீனை நீக்கினேன்.