காமரின்ஸ்காயா: மாறாத மெட்டும் மாறும் இடது கையும்

காமரின்ஸ்காயா என்னும் ருஷ்ய நாட்டுப்புற நடனத்தின் மெட்டைச் சில மாதங்களாகக் கீபோர்டில் பழகிவருகிறேன். குந்தி எழுந்தும் தரையில் காலைத் தட்டியும் ஆண்கள் விரைந்து ஆடும் ஆட்டம் அது. அதற்குப் பலலைக்கா என்னும் ருஷ்யத் தந்திக் கருவியில் ஒரே சிறு மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். இரண்டு எண்ணிக்கை கொண்ட மூன்று பார்களில் (தாளப் பகுதிகளில்) மெட்டின் ஓர் அடி முடிந்துவிடுவதால், நான்கு நான்காக எண்ணிப் பழகிய காதுக்கு ஏதோ குறைவதாகத் தோன்றும். அதைத் தேடுவதற்குள் அடுத்த சுற்று தொடங்கிவிடும்.

மெட்டு எளிதில் கைக்கு வந்துவிட்டது. இவ்வளவு சிறியதை வைத்துக்கொண்டு மேலே என்ன செய்வது என்பதற்கு, ருஷ்ய இசையமைப்பாளர் மிகயீல் கிளின்கா 1848இல் வார்சாவில் இதே பெயரில் எழுதிய ஆர்கெஸ்ட்ரா படைப்பில்தான் வழி கிடைத்தது. மெட்டைத் துண்டாக்கி வளர்க்கும் ஜெர்மானிய முறையை விட்டு, மெட்டை ஏறக்குறைய அப்படியே நிறுத்தி, அதைச் சுற்றி ஒலிப்பவற்றைச் சுற்றுக்குச் சுற்று அவர் மாற்றுகிறார். வயலின்கள் தனியே தொடங்க, எதிர்மெட்டுகள் வந்து சேர்கின்றன. ஓரிடத்தில் வில்லை விட்டு விரலால் தந்திகளை மீட்டிப் பலலைக்காவையே நினைவூட்டுகிறார்கள். ருஷ்ய சிம்பொனி இசை முழுவதும் இதற்குள் இருக்கிறது, ஓக் விதைக்குள் ஓக் மரம் இருப்பதுபோல என்று பின்னாளைய ருஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கி நாட்குறிப்பில் எழுதியது மிகையாகப் படவில்லை.

அதே முறையை என் பயிற்சியாக்கினேன். வலது கை டி மேஜர் என்னும் ஸ்வர வரிசையில் மெட்டை மட்டும் வாசிக்கும். இடது கை முதல் சுற்றில் சும்மா இருக்கும், அடுத்ததில் டி ஸ்வரத்தை அழுத்திப் பிடிக்கும், அதற்கடுத்ததில் டியிலிருந்து படிப்படியாகக் கீழிறங்கும். இறங்கும் சுற்றில் வலது கையும் தானாக வேகமெடுக்கிறது; தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் இல்லாமல் அதை அடக்க முடியவில்லை. கிளின்காவின் படைப்பின் முடிவுப் பகுதியில் டி மேஜருக்குப் பொருந்தாத சி ஸ்வரத்தை டிரம்பெட்டுகள் பிடிவாதமாக ஊதுவதைப் பார்த்து, நானும் சுண்டுவிரலால் அதைத் தட்டிப்பார்த்தேன். மேலே ஒரு ஸ்வரமும் மாறவில்லை, ஆனால் மெட்டுக்கு ஒரு குறும்பு வந்துவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த சுற்று இதுதான்.

கிளின்கா இந்த ஆட்டத்துக்கு முன்னால் மெதுவான திருமணப் பாட்டு ஒன்றை வைத்து, இரண்டு மெட்டுகளுக்கும் உள்ள உறவைக் காட்டி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நழுவுகிறார். அந்த நழுவலைக் கீபோர்டில் பிடிப்பது அடுத்த வேலை. அதன்பின், சைக்கோவ்ஸ்கி 1878இல் சிறுவர் பியானோ தொகுப்புக்காக எழுதிய காமரின்ஸ்காயாவை எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.