குழாய் இல்லாத காடு: நாட்குறிப்பு

செப்டம்பர் 18, வியாழன்

ஃபிளாக்ஸ்டாஃப் ஊரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு தெற்கே கிளம்பினோம். இருபது லிட்டர் கேன் இரண்டு. நானும் மச்சினனும், திங்கள் காலை வரை. "இவ்வளவு எதுக்கு மாமா, காட்டுல ஓடை இருக்காதா?" என்றான். அரிசோனாவின் கொகொனினோ தேசியக் காட்டில் அந்த நம்பிக்கை வேலைக்கு ஆகாது. தரைக்கு அடியில் இருப்பது எரிமலைப் பாறையும் சுண்ணாம்புப் பாறையும். பெய்கிற மழையில் பெரும்பங்கு வெடிப்புகள் வழியாக இறங்கிப் போய்விடும். மைல் கணக்கில் பைன் மரம் நிற்கும், குடிக்க ஒரு வாய் தண்ணீர் கிடைக்காது.

அவன் இதுவரை போனதெல்லாம் பணம் கட்டி, எண் போட்ட இடத்தில் கூடாரம் அடிக்கிற முகாம்கள். அமெரிக்காவின் தேசியக் காடுகளில் அதைத் தாண்டி இன்னொரு வழி உண்டு. மண் ரோட்டோரமாக நாமே ஓர் இடம் பார்த்துத் தங்கிக்கொள்ளலாம். கட்டணம் கிடையாது, முன்பதிவு கிடையாது. குழாய், கழிப்பறை, மேசை, குப்பைத்தொட்டி எதுவும் கிடையாது. இந்தக் காட்டில் 30 நாளுக்குள் 14 நாள் வரை இருக்கலாம்.

அதற்காக நினைத்த இடத்தில் வண்டியை விட முடியாது. வனத்துறை இலவசமாகத் தரும் வாகனப் பாதை வரைபடம் ஒன்று இருக்கிறது. கறுப்பு வெள்ளை, பார்க்கச் சகிக்காது. ஆனால் எந்த மண் ரோட்டில் ஓட்டலாம், எந்த ரோட்டை விட்டு 300 அடி வரை உள்ளே போய்க் கூடாரம் அடிக்கலாம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. ரோட்டை ஒட்டிப் புள்ளி வைத்திருந்தால் வண்டியோடு உள்ளே போகலாம். புள்ளி இல்லையென்றால் ஓரமாக நிறுத்திவிட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். போனில் முன்பே இறக்கி வைத்திருந்தேன். நல்லவேளை, தார் ரோடு முடிந்த கொஞ்ச நேரத்திலேயே சிக்னல் போய்விட்டது.

முதலில் கண்ணில் பட்டது ஒரு புல்வெளி, நடுவே மாடுகளுக்காக வெட்டிய குட்டை. மச்சினன் கூடாரப் பையையே இறக்கிவிட்டான். விலங்குகளுக்கும் மாடுகளுக்கும் அக்கம்பக்கத்தில் வேறு தண்ணீர் இல்லாத நிலையில், அவை வந்து குடிக்க முடியாதபடி நீர்நிலையிலிருந்து கால் மைலுக்குள் தங்கக்கூடாது என்பது அரிசோனா சட்டம். "நாம என்ன பண்ணப்போறோம் மாமா, சும்மா படுத்திருக்கப்போறோம்" என்றான். சும்மா படுத்திருந்தாலே போதும், ராத்திரி தண்ணீருக்கு வருகிற மான் நம் வாடை பட்டதும் தாகத்தோடு திரும்பிவிடும். பையை மறுபடி ஏற்றினான், கொஞ்சம் உர்ரென்று.

இரண்டாவது இடத்தில் நிழல், சமதரை எல்லாம் இருந்தது. அண்ணாந்து பார்த்தால், பட்டை உரிந்து செத்துப்போன பைன் ஒன்று சாய்ந்து பக்கத்து மரத்தின் கிளையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. கூடாரத்துக்கு இடம் தேடும்போது எல்லோரும் தரையைத்தான் பார்ப்பார்கள். நான் முதலில் மேலே பார்ப்பேன். காற்றே அடிக்காத நாளிலும் செத்த மரம் விழும்.

இன்னும் உள்ளே போய் ஓர் இடத்தில் இறங்கினோம். யார் யாரோ தங்கித் தங்கித் தேய்ந்த வெற்று மண், நடுவில் கல் அடுக்கிய தீ வட்டம். சாம்பலுக்குள் நசுங்கிய பீர் டப்பாக்கள், சுற்றிலும் தோட்டா உறைகள். பார்க்க லட்சணமாக இல்லைதான். ஆனால் ஏற்கெனவே தேய்ந்த இடத்தில் நாமும் தங்கிக்கொண்டால் இன்னொரு புல்தரை பிழைக்கும். கூடாரம் அடிப்பதற்கு முன்னால் அந்தக் குப்பையை அள்ளுவதற்கே இருட்டிவிட்டது.

செப்டம்பர் 19, வெள்ளி

காலையில் முதல் வேலை, காலைக்கடனுக்குக் குழி. பயணம் எழுதுகிறவர்கள் சூரிய உதயத்தைப் பற்றி எழுதிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். கூடாரம், நடைபாதை, தண்ணீர் மூன்றிலிருந்தும் 200 அடியாவது தள்ளிப் போக வேண்டும். எட்டி வைத்து எழுபது தப்படி நடந்தால் சரியாக இருக்கும். ஆழம் ஆறிலிருந்து எட்டு அங்குலம். இன்னும் ஆழமாகத் தோண்டுவது நல்லது என்று தோன்றும், ஆனால் மக்க வைக்கிற நுண்ணுயிர்கள் மேல்மண்ணில்தான் அதிகம். இங்கே மண்வாரியை நாலு அங்குலம் இறக்கினால் 'டங்' என்று கல் தட்டுகிறது. அப்புறம் நகர்ந்து, மறுபடி டங். அவசரம் வந்த பிறகு தோண்ட ஆரம்பிக்கக்கூடாது. முந்தின சாயங்காலமே தோண்டி வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

காகிதத்தைப் புதைப்பதில்லை. வறண்ட மண்ணில் அது சீக்கிரம் மக்காது, ஏதாவது ஒரு விலங்கு தோண்டி வெளியே போட்டுவிடும். ஜிப் பையில் போட்டு மூடி, அதை இன்னொரு பையில் போட்டு மூடுகிறோம். "இதையுமா கார்ல எடுத்துட்டுப் போறோம்?" ஆமாம் மாப்ளே.

கை கழுவ ஒரு பாட்டில் மூடியில் ஊசியால் துளை போட்டேன். நூல் மாதிரி ஒழுகும் தண்ணீரில் சோப்பு போட்டு இரண்டு கையும் கழுவ அரை டம்ளர்கூட ஆகவில்லை. பாத்திரத்தை முதலில் சப்பாத்தித் துண்டால் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் துடைத்து, கடைசியில்தான் தண்ணீர்.

சமையலும் அதே கணக்கில்தான். வடிக்கிற சோறு கிடையாது. ஊற்றுகிற தண்ணீர் முழுவதும் வயிற்றுக்குள் போக வேண்டும். காட்டுக்குக் குக்கரா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நாங்கள் இருப்பது 7,000 அடி உயரம், தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகக் காத்திருந்தால் கேஸ் தீர்ந்துவிடும். சின்னக் குக்கரில் அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டு மூடினால் சோலி முடிந்தது.

மத்தியானம் வெயில் ஏறியதும் மச்சினனைக் கூப்பிட்டு, வயசான பாண்டரோசா பைன் ஒன்றின் பட்டை வெடிப்பில் மூக்கை வைக்கச் சொன்னேன். நம்பவில்லை, வைத்தான். வெனிலா வாசனை. அப்புறம் கண்ணில் பட்ட பெரிய மரத்தையெல்லாம் மோந்து பார்த்துக்கொண்டே போனான். இளம் மரங்களின் பட்டை கறுத்திருக்கும். வயசாக ஆகத்தான் அந்த ஆரஞ்சு நிறம் வரும்.

சாயங்காலம் மாடுகள் கூடாரத்தை ஒட்டி வரிசையாகப் போயின. ஒன்று நின்று குக்கரையே பார்த்துக்கொண்டிருந்தது. தேசியப் பூங்காவில் இதைப் பார்க்க முடியாது என்றான். இது பூங்கா இல்லை. 1905-இல் வனத்துறையை ஏற்படுத்தியபோதே அதை வேளாண் துறையின் கீழ்தான் வைத்தார்கள். மரம் வெட்டுவது, மேய்ச்சல், வேட்டை, நீர்ப்பிடிப்பு எல்லாம் சேர்ந்ததுதான் தேசியக் காடு. நாமும் மாடும் ஒரே சலுகையில் உள்ளே வந்தவர்கள்.

செப்டம்பர் 20, சனி

வந்ததிலிருந்து மச்சினன் கேட்டுக்கொண்டே இருப்பது தீ. கூடாரம் என்றால் பக்கத்தில் தீ எரிய வேண்டாமா? மே, ஜூன் வறட்சியில் இங்கே பெரும்பாலும் தீ மூட்டத் தடை இருக்கும். மழைக்காலம் வந்த பிறகு எடுப்பார்கள். கிளம்புவதற்கு முன் பார்த்தேன், இப்போது தடை இல்லை. ஆனால் எனக்கு மூட்டுவதைப் பற்றிக் கவலை இல்லை, அணைப்பதைப் பற்றித்தான். ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையால் தொட்டுப் பார்த்து, சூடே இல்லை என்றால்தான் அணைந்ததாகக் கணக்கு. சின்னத் தீக்கே ஒரு வாளித் தண்ணீர் போதாது.

காலையில் கேன்களில் இருந்தது 29 லிட்டர். திங்கள் காலை வரை குடிக்க, சமைக்க 19 வேண்டும். மிச்சம் பத்து. "அப்ப பத்து லிட்டர்ல அணைக்கிற மாதிரி ஒரு குட்டித் தீ போடலாமே?" தீ அப்படிக் கணக்குப் பார்த்து அணையாது மாப்ளே என்றேன்.

அவனை ஒரு மேட்டுக்குக் கூட்டிப்போனேன். வடக்கே சான் ஃபிரான்சிஸ்கோ சிகரங்கள் தெரிந்தன. 2010 ஜூனில் அந்தப் பக்கம் யாரோ அணைக்காமல் விட்டுப்போன முகாம் தீயிலிருந்து கிளம்பியதுதான் ஷுல்ட்ஸ் தீ. 15,000 ஏக்கர் எரிந்தது. அதோடு விடவில்லை. எரிந்த மண் தண்ணீரை உள்ளே விடாது. அடுத்த மாதம் மழைக்காலம் தொடங்கியதும் அந்தச் சரிவிலிருந்து வெள்ளம் இறங்கி, கீழே குடியிருப்புப் பகுதியில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி அடித்துச் செல்லப்பட்டாள். அடுத்த வருடம் மாநிலத்தின் கிழக்கே வாலோ தீ. இரண்டு பேர் தங்கள் தீ அணைந்துவிட்டது என்று நினைத்து நடக்கப் போயிருந்தார்கள். 5,38,000 ஏக்கர், அரிசோனா வரலாற்றிலேயே பெரிய தீ. அணைந்த மாதிரி இருப்பதுதான் ஆபத்து. பைன் ஊசிகள் மக்கிக் கிடக்கும் தரைக்குள் நெருப்பு புகைகூட இல்லாமல் கனன்றுகொண்டிருக்கும்.

அதற்கப்புறம் அவன் தீ பற்றிப் பேசவில்லை. மத்தியானம் இரண்டரைக்கு வானமே பேச ஆரம்பித்தது.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் முப்பது எண்ணுவதற்குள் சத்தம் வந்தால் உள்ளே போய்விட வேண்டும். உள்ளே என்றால் கார். கூடாரம் மின்னலுக்கு ஒரு பாதுகாப்பும் தராது. ஓடுவதற்கு முன் மச்சினன் ஒரு காரியம் செய்தான். சமையலுக்கு மேலே கட்டியிருந்த தார்ப்பாயின் ஒரு மூலைக் கயிற்றைத் தளர்த்தி, அதற்கு நேர் கீழே வாளியை வைத்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஆலங்கட்டியும் மழையுமாக முக்கால் மணி நேரம். வாளி நிரம்பி வழிந்தது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் கதவைத் திறந்தேன், அதற்குள் அவனுக்குப் பொறுக்கவில்லை. பன்னிரண்டு லிட்டர்! "இது குடிக்க இல்ல மாமா, அணைக்க" என்றான்.

சாயங்காலம் கொஞ்சம் தள்ளி வேனில் தங்கியிருக்கும் ஒரு பெரியவர் நடந்து வந்தார். ஃபிளாக்ஸ்டாஃபில் வேலை, வாடகை கட்டுப்படியாகவில்லையாம். 14 நாள் முடிந்ததும் அடுத்த இடம். நாங்கள் விடுமுறைக்கு வருகிற இடத்தில் அவர் குடியிருக்கிறார். நாளை மத்தியானம் வரை வண்டியை எடுக்காதீர்கள் என்று சொல்லத்தான் வந்தார். இந்தக் களிமண் ரோடு நனைந்தால் டயரில் அப்பி வண்டி நகராது, நகர்ந்தாலும் ரோடு உழுத வயலாகிவிடும், அது காய்ந்தால் அடுத்தவன் அச்சு முறியும் என்றார். டீ கொடுத்தோம். இஞ்சி போட்ட டீயை இரண்டாவது தடவையும் வாங்கிக் குடித்தார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

விடிவதற்கு முன்பே எல்க் மான் கத்த ஆரம்பித்துவிட்டது. இணைசேரும் காலம். அடித்தொண்டையில் ஆரம்பித்து, விசில் போல ஏறி, கடைசியில் நாலைந்து உறுமலில் முடிகிறது. இவ்வளவு பெரிய உடம்பிலிருந்து இப்படிக் கீச்சென்று ஒரு சத்தமா என்று இருக்கும். இந்தக் காட்டின் சொந்த எல்க் இனம் வேட்டையில் அழிந்துபோயிற்று. இப்போது கத்துவது 1913-இல் யெல்லோஸ்டோனிலிருந்து கொண்டுவந்து விட்டவற்றின் வாரிசுகள்.

சாயங்காலம் தீ மூட்டினோம். விழுந்து கிடந்த காய்ந்த சுள்ளிகள் மட்டும், மணிக்கட்டை விடத் தடிமனாக ஒன்றும் இல்லை. ஈரம் காயாததால் பற்ற நேரமாயிற்று. ஒன்பது மணிக்கு அணைக்கத் தொடங்கினோம். முதல் குவளைக்கு 'ஸ்ஸ்' என்று சாம்பல் பறந்தது. மண்வாரியால் கிளறினால் உள்ளே சிவப்பு. ஊற்றி, கிளறி, ஊற்றி, எல்லாம் சாம்பல் குழம்பான பிறகும், வட்டத்தின் கல் ஒன்றைப் புரட்டினால் அடிப்பக்கம் ஆவி அடிக்கிறது. மச்சினன் ஒவ்வொரு கல்லாகப் புரட்டி ஊற்றினான். வாளி காலி. கேனிலிருந்தும் மூன்று லிட்டர் போயிற்று. கடைசியில் புறங்கையைச் சேற்றிலேயே வைத்துப் பார்த்துவிட்டு, "ஜில்லுன்னு இருக்கு" என்றான்.

அமாவாசை. தலைக்கு நேரே பால்வீதி. புளூட்டோவை 1930-இல் கண்டுபிடித்தது ஃபிளாக்ஸ்டாஃப் வானாய்வகத்தில்தான். விளக்கு வெளிச்சத்தை அடக்கி வானத்தை இருட்டாக வைத்திருப்பதற்காக, 2001-இல் உலகின் முதல் இருள்வான நகரம் என்ற பெயரும் அந்த ஊருக்கே கிடைத்தது. குளிர் தாங்காமல் சீக்கிரம் படுத்துவிட்டோம்.

செப்டம்பர் 22, திங்கள்

காலையில் சாம்பலை மறுபடி தொட்டுப் பார்த்தோம். குளிர்ந்துதான் இருந்தது. கூடாரம் இருந்த இடத்தில் அமுங்கிய பைன் ஊசிகளைக் காலால் கலைத்துவிட்டோம். குப்பை இரண்டு மூட்டை, அதில் ஒன்று எங்களுக்கு முன்னால் தங்கியவர்களுடையது.

ரோடு ஒருவழியாகக் காய்ந்ததும் புறப்பட்டோம். மேய்ச்சல் வேலியின் கேட்டை வரும்போது மூடியிருந்தபடியே மூடிச் சங்கிலியை மாட்டிக்கொண்டிருக்கையில், எதிரே ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். பின்னால் ஒரு கட்டு விறகு. நல்ல இடம் இருக்கிறதா என்று கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் மச்சினன் இறங்கிப் போய், குட்டை பக்கம் போகாதீர்கள், சாய்ந்த மரத்தடியில் நிறுத்தாதீர்கள் என்று வரைபடத்தை விரித்துக் காட்ட ஆரம்பித்துவிட்டான். தண்ணீர் எவ்வளவு கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று கேட்டான். குடிக்கிற பாட்டில்கள் ஒரு பெட்டி இருந்தது.

எங்கள் கேனில் மிச்சம் ஏழு லிட்டர். அதைக் கேனோடு கொடுத்தோம். இன்றைக்குத் தீ மூட்டாதீர்கள், மூட்டுவதாக இருந்தால் ஊருக்குள் போய் இன்னும் நாலு கேன் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தான். கேன் விலையை அவன் கணக்கில் எழுதியிருக்கிறேன்.